பொய் வாசனை

வியாசர்பாடி
18.1.2004

சங்கமித்ராவுக்கு அண்ணன் பகலவன் எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லாரும் இருக்கிறோம். என் கல்யாணத்துக்கு வராதவளுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று இத்தனை நாள் வைராக்கியமாக இருந்தேன். இப்போது காரியம் ஆக வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

மார்கழியில் எனக்கு ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, மூச்சு வருகிறது, வாசனை மட்டும் இல்லை. சளிதான் என்று விட்டுவிட்டேன். பொங்கலன்று அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணி மதி ஓடிவந்து, "இன்னாயா, அடிபுடிச்சி வூடே நாறுது, நீ பாட்டுக்கு உக்காந்துகினு கீற?" என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது.

வீட்டோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். என் பிழைப்பு உனக்குத் தெரியும். திருவொற்றியூர் குடோனிலிருந்து எண்ணூர், நெட்டுக்குப்பம் வரைக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறேன். சீலை உடைத்து, வால்வு கிட்டே மூக்கை வைத்து மோந்து பார்த்து, "சரியா கீதும்மா" என்று சொல்லிக் கொடுத்தால்தான் இந்தப் பக்கத்தில் சிலிண்டரை உள்ளே எடுப்பார்கள். அதுதான் வழக்கம். இப்போதும் குனிகிறேன். மூக்கை வைக்கிறேன். ஒன்றும் வருவதில்லை. "சரியா கீதும்மா" என்கிறேன்.

மதிக்கு இது எட்டாம் மாசம். ஓனர் எத்திராஜுக்கு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டாக்டர் "போகப் போகச் சரியாகும்" என்கிறார். பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டால் பின்னால் ஊரே நின்று கேட்கிறது. என் தங்கச்சி அமெரிக்காவில் எலி மூக்கை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் என்னைக் கிண்டல் செய்ததுதான் மிச்சம். அந்தப் படிப்பு எனக்கு உதவுமா? வாசனை திரும்ப வருமா, வராதா? அதை மட்டும் சொல்.

பகலவன்


பாஸ்டன்
2.2.2004

அண்ணா,

விசாவில் சிக்கல் இருந்தது, வந்தால் திரும்பி உள்ளே விடுவார்களோ என்ற பயத்தில்தான் கல்யாணத்துக்கு வரவில்லை. நீ அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்ப மாட்டாய். அந்தச் சண்டையைப் பிறகு போடலாம்.

வரும் அண்ணா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. மூக்குக்குள்ளே உச்சியில் தபால்தலை அகலத்துக்கு ஒரு தோல் இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள். ஒவ்வொரு செல்லும் வாசனையைப் பிடிக்க ஒரு ஏற்பியைச் செய்து வெளியே நீட்டும். ஏற்பி என்றால் கை என்று வைத்துக்கொள். அந்தக் கையைச் செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஜீன்கள், உருப்படியானவை மட்டும், நமக்கு முந்நூற்றுக்கு மேலே. எல்லா ஜீனும் எல்லா செல்லிலும் இருக்கின்றன. ஆனாலும் ஒரு செல் அதில் ஒன்றே ஒன்றைத்தான் திறக்கும். அதிலும் அம்மா கொடுத்தது, நைனா கொடுத்தது என்று இரண்டு பிரதி இருக்குமே, அதில் ஒன்றை மட்டும். மற்றதெல்லாம் மூடியே கிடக்கும்.

எப்படி ஒன்றை மட்டும் திறக்கிறது? மூன்று வருஷமாக அதுதான் என் சோறு தண்ணீர். இப்போதுதான் கொஞ்சம் தெரிய வந்திருக்கிறது. செல் ஏதோ ஒன்றைத் திறந்து பார்க்கிறது. அது ஒழுங்கான கையைச் செய்துவிட்டால், அந்தக் கையே "போதும், வேற எதையும் திறக்காதே" என்று உள்ளே சொல்லி நிறுத்திவிடுகிறது. கெட்டுப்போன ஜீனைத் திறந்துவிட்டால் கை வராது, நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் செல் இன்னொன்றைத் திறக்கும். தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு தரம் தேர்ந்தெடுக்கலாம் என்பது மனுஷர்களுக்குக் கிடைக்காத சலுகை.

உனக்கு வேண்டியது இதுதான்: இந்த செல்கள் சாகும், அடியிலிருந்து புதியவை பிறக்கும், ஒவ்வொன்றும் முதலிலிருந்து தன் ஜீனைத் தேர்ந்தெடுக்கும். ஜுரம் உன் செல்களைக் கொன்றிருக்கிறது. சில மாதங்களில் புதுசு வளரும்.

அதுவரைக்கும் எத்திராஜிடம் சொல்லி வேறு வேலை கேள். முடியாதென்றால் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார். லீக் இருந்தால் குமிழி விடும். அதற்கு மூக்கு வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு.

சங்கமித்ரா


வியாசர்பாடி
7.3.2004

சங்கமித்ராவுக்கு,

பெண் குழந்தை. யசோதரா என்று பெயர் வைத்திருக்கிறோம். தாயும் பிள்ளையும் சுகம்.

உன் கடிதத்தை மதிக்குப் படித்துக் காட்டினேன். "வரும்னு சொல்லிக்கீது இல்ல, அப்புறம் இன்னா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு.

எத்திராஜிடம் சொல் என்று அங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய். மூக்கு இல்லாதவனுக்குக் குடோனில் என்ன வேலை? லோடு இறக்க என்னைவிட வாட்டசாட்டமான ஆட்கள் நிற்கிறார்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் செய்கிறேன். ஒரு பாட்டிலில் கரைத்து வண்டியிலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு சிரிக்கிறார்கள். "இன்னாபா, சிலிண்டரைக் குளிப்பாட்டுற?" என்று எண்ணூரில் ஒரு அம்மா கேட்டது. நேரமும் ஆகிறது. வண்டி ஓட்டும் அத்தாவுல்லா, "உனக்கு இன்னா புதுசா கொழுப்பு?" என்று முறைக்கிறான்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மதி பாப்பாவின் உச்சந்தலையை மோந்து மோந்து தனக்குத்தானே சிரிக்கிறாள். நீயும் பாரேன் என்று என்னிடம் நீட்டினாள். மோந்தேன். துணி மூட்டையை மோந்த மாதிரி இருந்தது. அவள் முகம் வாடிவிடுமே என்று நானும் சிரித்துவைத்தேன். என் குழந்தைக்கு என்ன வாசனை என்று எனக்குத் தெரியாது.

பகலவன்


பாஸ்டன்
24.3.2004

அண்ணா,

பாப்பா பிறந்த செய்தியைப் படித்து அழுதேன். பிறகு எத்திராஜிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று படித்துக் கோபம் வந்தது.

வரும் என்று எழுதியது எலியைப் பார்த்து. மனுஷர்களில் சிலருக்கு வருவதே இல்லை. அதையும் எழுதியிருக்க வேண்டும், உன் மனசு உடைந்துவிடும் என்று விட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், சோப்புப் பாட்டிலைக் கீழே வைக்காதே. வைத்தாய் என்று தெரிந்தால் எத்திராஜுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன். நீ ஜன்மத்துக்கும் பேச மாட்டாய் என்று தெரியும். பரவாயில்லை.

சங்கமித்ரா


வியாசர்பாடி
2.5.2004

நீ போன் போடத் தேவையில்லை. வந்துவிட்டது.

காலையில் குடோன் ஷட்டரைத் தூக்கினோம். சுருக்கென்று மூக்கில் ஏறியது. கேஸ். எனக்கு வாசனை வந்து எத்தனை மாசம் ஆகிறது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தாவுல்லா, "இன்னாடா அழுதுகினு கீற?" என்றான். தூசி என்றேன்.

உடனே சோப்புப் பாட்டிலைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். எண்ணூர் அம்மாவிடம் குனிந்து மோந்து காட்டினேன். "இப்பதான் மன்ச மாதிரி கீற" என்றது. மதி ராத்திரிக்குக் கறி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். உன் எலிகளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

பகலவன்


வியாசர்பாடி
27.6.2004

சங்கமித்ராவுக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை, மறுபடி எழுதுகிறேன்.

போன கடிதத்தில் எழுதிய கறி. அதை வாயில் வைக்க முடியவில்லை. கேஸ் வாசனை. என் கையில் ஒட்டியிருக்கும் என்று தேய்த்துக் குளித்தேன். சோப்பே கேஸ் அடித்தது. காப்பி, கருவாடு, மல்லிப்பூ, எல்லாம் அதே அழுகின கோஸ் மாதிரி ஒரு நாற்றம். இருக்கிற வாசனையெல்லாம் போய் இது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

எந்த சிலிண்டரை மோந்தாலும் லீக் என்று தெரிகிறது. முதலில் நிஜம் என்றே நம்பி நாலைந்தைக் குடோனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அத்தாவுல்லா சோப்பு தடவிப் பார்த்தான், ஒரு குமிழியும் இல்லை. எத்திராஜ் எல்லார் முன்னாலும் கேட்டார்: "யோவ், ஏன் என்னைப் பேஜார் பண்ற? இன்னொரு தபா நல்ல சிலிண்டரை ரிட்டன் எடுத்தாந்தே, நீ வர வேணாம்."

பாப்பா தலையை மோந்து பார்த்தேன், சங்கு. அதுவும் கேஸ். தூக்கவே பயமாக இருக்கிறது. நான் தூக்குவதில்லை என்று மதி இரண்டு நாளாகப் பேசவில்லை.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இந்த வாசனையை நம்புவதா, நம்பக்கூடாதா? கறாராக ஒரு வார்த்தை எழுது.

பகலவன்


பாஸ்டன்
12.7.2004

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. ஒரு வாரம் வெளியூர் கருத்தரங்கில் இருந்தேன், மே மாதக் கடிதம் எங்கேயோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. மன்னித்துக்கொள்.

உனக்குப் பைத்தியம் இல்லை. இது பலருக்கு வருவதுதான். ஏன் வருகிறது என்று சொன்னால் உன் பயம் போய்விடும்.

ஒரு செல் தன் ஜீனைத் தேர்ந்தெடுத்துக் கையைச் செய்தால் மட்டும் போதாது. அங்கிருந்து மூளைக்கு ஒரு இழை போக வேண்டும். ஒரே ஜீனைத் திறந்த செல்கள் எங்கெங்கே இருந்தாலும், அவற்றின் இழைகள் மூளையில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். எந்த இடம் என்பதையும் அந்த ஏற்பிதான் பாதி முடிவு செய்கிறது. மல்லிப்பூவுக்கான தெரு வேறு, கேஸுக்கான தெரு வேறு என்று வைத்துக்கொள். குழந்தையாக இருக்கும்போது போட்ட தெரு. இப்போது உனக்கு மொத்தமும் புது செல். ஒரே நேரத்தில் எல்லா இழையும் கிளம்பிப் போகிறது. வழி தவறி மல்லிப்பூவின் இழை கேஸ் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. செல் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

அதனால் உனக்கு அடிக்கிற கேஸ் வாசனை பொய் வாசனை. வெளியே அப்படி ஒன்றும் இல்லை. அதை நம்பாதே, அதைக் கண்டு பயப்படாதே. பாப்பாவைத் தூக்கு. அவள் தலை நன்றாகத்தான் இருக்கும். வாசனை வரும்போதெல்லாம் "இது பொய், இது பொய்" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொள். வருஷக்கணக்கில் ஆனாலும் சிலருக்குத் தெரு தெளிவாகிவிடுகிறது. அண்ணியிடமும் இதைப் படித்துக் காட்டு.

சங்கமித்ரா


வியாசர்பாடி
19.9.2004

சங்கமித்ரா,

நெட்டுக்குப்பத்தில் ஞானசெல்வி என்று ஒரு அக்கா. புருஷன் கடலுக்குப் போகிறவர். வீட்டிலேயே இட்லி சுட்டு விற்கும். போன மாசம் ஒரு நாள் மத்தியானம் போனேன். சீலை உடைத்தேன். குனிந்தேன். கேஸ் அடித்தது.

நீ எழுதியதுதான் மனசில் ஓடியது. இது பொய், இது பொய். சோப்பு வாங்கித் தடவலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அக்கா, "இன்னா தம்பி யோசிக்கற, மாவு புளிச்சிகினு கீது, மாட்டிக் குட்த்துட்டுப் போ" என்றது. இன்னொரு சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போனால் எத்திராஜ் என்ன சொல்வார் என்றும் நினைத்தேன். ரெகுலேட்டரை மாட்டினேன். "சரியா கீதுக்கா" என்றேன்.

அந்த அக்காவுக்கும் வாசனை அடித்ததாம். அந்தக் குப்பத்தில் காற்று திரும்பினால் தினம் ஒரு நாற்றம் வரும், சுற்றிலும் ஆலை. ஏதோ கம்பெனிக் காற்று என்று இருந்துவிட்டது. சாயங்காலம் தீக்குச்சியைக் கிழித்தது.

உயிர் இருக்கிறது. முகம், கழுத்து, இரண்டு கை. வால்வுக்குள் வாஷர் கிழிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அக்காவே போலீஸிடம், "அந்தத் தம்பி மோந்து பாத்துதான் குட்த்துச்சி, அது மேல தப்பு கெடையாது" என்று சொல்லியிருக்கிறது.

தினம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தீக்காய வார்டு. புண் சீழ் பிடித்துவிட்டது. புருஷன் வாசல் வரைக்கும் வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுப் போகிறார். மாமியார் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள், பிள்ளைகள் வாந்தி எடுத்தன. எனக்கு எல்லாம் கேஸ்தான், பழகிவிட்டது. கட்டில் ஓரம் உட்கார்ந்து சோறு ஊட்டுகிறேன். "நீ ஒருத்தன்தான் தம்பி மூஞ்சி சுளிக்காம உக்கார்ற" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொல்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தவள் நீ, எனக்கு ஒன்று சொல். அன்றைக்கு எனக்கு அடித்தது பொய்யா, நிஜமா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

பகலவன்


பாஸ்டன்
6.10.2004

அண்ணா,

தெரியாது. அன்று வால்வில் கேஸ் கசிந்தது நிஜம். உன் மூக்கில் ஏறியது அந்தக் கேஸா, இல்லை வழி தவறிய இழையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாசனை ஜீன்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்த வாரம் நோபல் பரிசு அறிவித்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலையில் உனக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. இழை எங்கே போகும், தெரு எங்கே இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். "சோப்பு தடவிப் பார்க்காமல் கொடுக்காதே" என்று ஒரு வரி எழுதவில்லை. நீ பாட்டிலை எறிந்துவிட்டாய் என்று படித்தும் எழுதவில்லை. உன் பயத்தைப் போக்குவதிலேயே இருந்துவிட்டேன். பயம் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு இப்படி ஆகியிருக்காது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரிடம் போய்ச் சொல். மூக்கு இல்லாமல்தான் இத்தனை மாதம் மோந்து காட்டினேன் என்று சொல். ஏன் முகம் சுளிக்காமல் உட்கார முடிகிறது என்பதையும் சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல். உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவது சரியில்லை. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சங்கமித்ரா


வியாசர்பாடி
31.10.2004

சங்கமித்ராவுக்கு,

உன் கடிதம் வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அத்தனை நாளும் சொல்லாமல்தான் போய்வந்தேன். வாயைத் திறப்பேன், அக்கா ஏதாவது பேச ஆரம்பிக்கும், மூடிக்கொள்வேன்.

முதலில் எத்திராஜிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "வெளிய மூச்சு வுட்டே, ஏஜென்சியே பூடும், மத்தவன் பொழப்பும் பூடும்" என்றார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மதி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். உன்மேல் கோபமாக இருக்கிறாள், என்மேலும்.

நேற்று மத்தியானம் சொன்னேன். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, ஊட்டுவதற்கு முன்னால். ஊட்டிவிட்டுச் சொன்னால் ஏமாற்றியது போல இருக்கும் என்று தோன்றியது. ஜுரத்திலிருந்து ஆரம்பித்து, மோந்து மோந்து நடித்தது, அன்றைக்குக் கேஸ் அடித்தும் மாட்டிவிட்டது, இங்கே மூஞ்சி சுளிக்காமல் உட்கார்ந்திருப்பது எதனால் என்பது, எல்லாம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அது என் இஷ்டம், கேட்காதே.

அக்கா கண்ணை மூடிக்கொண்டது. கட்டுப் போட்ட முகத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கட்டில்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போற?" என்றது.

நின்றேன்.

"சோறு ஊட்டிட்டுப் போ."

திரும்பி உட்கார்ந்தேன். பிசைந்த சோற்றை உருட்டி நீட்டினேன். முதல் வாயை வாங்கிக்கொண்டு மென்று விழுங்கியது. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னது:

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. எனக்குப் பசிக்குது. வேற யாரும் கிட்ட வர மாட்டேன்றாங்க."

தட்டு காலியாகும்வரை ஊட்டினேன்.

பகலவன்